திறந்த இதய அறுவையில் ஸ்டீராய்டு

திறந்த இதய அறுவை சிகிச்சையின்போது உடலெங்கும் கிளம்பும் அழற்சியைத் தணிக்க, டெக்சாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளை மயக்கம் கொடுக்கும் வேளையிலேயே ஊசிவழி செலுத்துவதுண்டு. பல பத்தாண்டுகளாக இருந்துவரும் வழக்கம் இது. ஆனால் பெரிய ஆய்வுகள் இதை முழுமனதாக ஆதரிக்கவில்லை.

வால்வை மாற்றவோ, இதயச் சுவரின் ஓட்டையை அடைக்கவோ இதயத்தைச் சற்று நேரம் நிறுத்த வேண்டும். அதன் வேலையை இதய-நுரையீரல் இயந்திரம் ஏற்கிறது. 1953 மே 6இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இந்த இயந்திரத்தின் துணையோடு இதய ஓட்டையை மூடி முதல் வெற்றி கண்டார். 1960களின் தொடக்கத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் என். கோபிநாத் திறந்த இதய அறுவை செய்து இந்திய முன்னோடிகளில் ஒருவரானார். 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் பைபாஸ் அறுவை செய்தார்.

இயந்திரத்தில் இரத்தம் பிளாஸ்டிக் குழாய்களையும் ஆக்சிஜன் ஏற்றும் சவ்வையும் கடந்து, நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் வேகத்தில் சுற்றுகிறது. பெரியவர்களுக்கான சவ்வின் பரப்பே ஏறத்தாழ 2 சதுர மீட்டர். இரத்த நாளத்தின் உட்சுவரை மட்டுமே அறிந்த இரத்தம் இதை அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. நோய் எதிர்ப்பில் பங்குபெறும் நிரப்புப் புரதங்கள் விழித்துக்கொள்கின்றன, வெள்ளையணுக்கள் சீண்டப்படுகின்றன, இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் புரதங்கள் ஏறுகின்றன. நின்றிருந்த இதயத்துக்கு மறுபடி இரத்தம் பாயும்போது ஏற்படும் பாதிப்பும், இரத்தம் உறையாமலிருக்கத் தந்த ஹெப்பாரினைக் கடைசியில் முறிக்கத் தரும் புரோட்டமினும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. பெரும்பாலோருக்கு இது தானாக அடங்கிவிடும். சிலருக்கு இரத்த அழுத்தம் சரியும், நுரையீரலில் நீர் கோக்கும், சிறுநீரகம் தளரும்.

முடக்கு வாதத்துக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை 1948இல் முதன்முதலாகத் தந்தவர் மேயோ கிளினிக்கின் பிலிப் ஹெஞ்ச். அதற்காக 1950இல் கெண்டல், ரெய்க்ஸ்டைன் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அழற்சியை அடக்கும் மருந்து இருக்கும்போது இதய அறுவையில் ஏன் தரக்கூடாது என்ற கேள்வி எழுந்தது இயல்புதான். மருந்து தந்தால் இன்டர்லூக்கின் அளவு குறைகிறது என்பதை ஆய்வகம் காட்டியது. ஆனால் ஆய்வக அறிக்கையில் எண் குறைவதும், நோயாளி பிழைத்து வீடு திரும்புவதும் வேறு வேறு.

அளவைக் கவனிக்க வேண்டும். நெதர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் 4,494 பேரிடம் நடந்து 2012இல் வெளியான டெக்ஸ் ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் 100 மில்லிகிராம், ஒரே தடவையாகத் தரப்பட்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 மில்லிகிராம். பிரெட்னிசோலோன் கணக்கில் சுமார் 400 மில்லிகிராம். ஆஸ்துமா இழுப்பு கடுமையானால் ஒரு நாளைக்குத் தரும் 40 மில்லிகிராமைப் போலப் பத்து மடங்கு! மரணம், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, சுவாசச் செயலிழப்பு ஆகியவற்றில் ஏதேனும் நேர்ந்தவர்கள் மருந்து பெற்ற குழுவில் 7.0 விழுக்காடு, பெறாத குழுவில் 8.5. இந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம் என்றது புள்ளியியல். நுரையீரல் தொற்றும் மனக்குழப்பமும் குறைந்தன, சர்க்கரை ஏறியது.

2015இல் வந்த சிர்ஸ் ஆய்வு இன்னும் பெரியது: 18 நாடுகள், 7,507 நோயாளிகள், எல்லோரும் ஆபத்து மிகுந்தவர்கள். இரண்டு தவணையாக மொத்தம் 500 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசோலோன். இறப்பு மருந்து பெற்றவர்களில் 4 விழுக்காடு, பெறாதவர்களில் 5. அந்த வித்தியாசமும் உறுதியானதல்ல. இறப்பையும் பெரிய சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்தால் இரு பக்கமும் 24. இதயத்தசைப் பாதிப்பு மருந்துக் குழுவில் சற்று அதிகம். பச்சிளங் குழந்தைகளிடமும் கதை மாறவில்லை. 2022இல் வந்த அமெரிக்க ஸ்ட்ரெஸ் ஆய்வில், இயந்திரத்தை நிரப்பும் திரவத்தில் அதே மருந்தைக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் கலந்து கொடுத்தும் தெளிவான பலன் தெரியவில்லை. இன்சுலின் தேவைப்பட்ட குழந்தைகள் கூடினர்.

சர்க்கரை ஏற்றத்தைப் புதுச்சேரி போன்ற பகுதிகளில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பில் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டிய காயம் சர்க்கரை கூடினால் ஆறத் தாமதிக்கும். சீழ் பிடிக்கவும் கூடும். ஆகவே எல்லோருக்கும் வழக்கமாகத் தரவேண்டியதில்லை என்ற முடிவே சரி. 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நன்மை இருக்கலாம் என்ற டெக்ஸ் ஆய்வின் குறிப்பு மட்டும் விவாதத்துக்கு இடம் வைத்திருக்கிறது.

ஏற்கெனவே நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களின் நிலை வேறு. அவர்களது அட்ரீனல் சுரப்பி சோம்பியிருக்கும். அறுவையின் அதிர்ச்சியைத் தாங்கும் அளவுக்குச் சுரக்காது. அவர்களுக்கு அறுவையின்போது ஸ்டீராய்டு தேவை. அதை யாரும் மறுப்பதில்லை. மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் கடையில் பெயர் தெரியாமல் வாங்கி விழுங்கிய மாத்திரையிலும் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். இதய அறுவைக்குப் போகிறவர்கள் அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள்; மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.