படப்புள்ளி ஏன் சதுரமானது?

1957ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயப் பணியகத்தில் ரஸ்ஸல் கிர்ஷும் அவர்தம் குழுவினரும், கிர்ஷின் கைக்குழந்தையின் ஒளிப்படத்தை சீயாக் கணினிக்குள் செலுத்தினர். 176 வரிசைகள், வரிசைக்கு 176 படப்புள்ளிகள், மொத்தம் 30,976. ஒவ்வொன்றுக்கும் கறுப்பு, வெள்ளை என இரண்டே நிலைகள். சாம்பல் நிறச் சாயல்களைப் பெற, வெவ்வேறு ஒளிவரம்புகளில் மீண்டும் மீண்டும் வருடி ஒன்றுசேர்த்தனர்.

இன்று நிரலாக்கம் பயிலத் தொடங்கும் மாணவர், 128க்குக் குறைந்த மதிப்புகளைக் கறுப்பாகவும் ஏனையவற்றை வெள்ளையாகவும் மாற்ற எழுதும் சில வரிகள் அம்முயற்சியின் தொடர்ச்சியே. வரம்பு எங்கே இடப்படுகிறதோ, அதற்கேற்பவே முகத்தின் கோடுகள் எஞ்சுகின்றன அல்லது மறைகின்றன. வசதி கருதி எடுத்த முடிவு காலப்போக்கில் இயற்கை நியதிபோல் தோன்றிவிடுகிறது. படப்புள்ளியைச் சதுரமாக்கியதற்காகப் பின்னாளில் வருந்திய கிர்ஷ், எண்பது வயதைக் கடந்த பின்னும் வேறு வடிவப் புள்ளிகளுக்கான நிரலை எழுதினார்.