வரிசையில் நின்ற மக்கள்

அயல்நாட்டில் கால்வைக்கும் ஒருவன் அந்நாட்டின் ஆட்சியைத் தெருவைக் கொண்டே எடைபோடுகிறான். தெரு அமைதியாக இருந்தால் ஆட்சி நன்று என்பது அவன் தீர்ப்பு. இத்தீர்ப்பு எத்துணைப் பிழையானது என்பதை மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜீரியாவின் வரலாறு கற்பிக்கிறது.

1983ஆம் ஆண்டின் கடைசி நாளில் அங்கே மக்களாட்சி கவிழ்க்கப்பட்டது. தளபதி புகாரி ஆட்சியில் அமர்ந்தார். ஒழுங்கீனத்திற்கு எதிரான போர் ஒன்றை அவரது அரசு அறிவித்தது. பேருந்து நிறுத்தங்களில் மக்கள் வரிசையாக நிற்க வேண்டும். நிற்க வைப்பதற்குச் சாட்டை ஏந்திய படைவீரர்கள் இருந்தனர். நெரிசலையும் ஊழலையும் கண்டு சலித்த வெளிநாட்டவர் கண்ணுக்கு அவ்வரிசை அழகாகத் தோன்றுவது இயல்பே. சாட்டை பிடித்த கை யாருக்குக் கணக்குச் சொல்லும் என்று கேட்க அவ்வழகு இடந்தராது.

1985 ஆகஸ்டில் புகாரியைக் கவிழ்த்த தளபதி பாபாங்கிடா, 1990இல் ஆட்சியை மக்களிடம் ஒப்படைப்பதாக வாக்களித்தார். அந்த நாள் பின்னர் 1992 ஆயிற்று. அடுத்து 1993 சனவரி. அதன்பின் அதே ஆண்டின் ஆகஸ்டு. ஒவ்வொரு முறையும் தக்கதொரு காரணம் கூறப்பட்டது. பழைய அரசியல்வாதிகளை விலக்க வேண்டும். கட்சிகள் இரண்டே இருக்க வேண்டும். வேட்பாளர் தேர்வில் நேர்ந்த முறைகேடுகளைக் களைய வேண்டும். அந்த இரு கட்சிகளையும் அரசே தோற்றுவித்தது. தொலைவிலிருந்து நோக்குபவனுக்கு இவையெல்லாம் கவனமான ஆயத்தமாகவே தெரியும். இனத்தாலும் சமயத்தாலும் பிளவுண்ட மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று அவனும் தலையசைப்பான்.

1993 சூன் 12 அன்று அம்மக்கள் விடையளித்தனர். வாக்குச்சாவடிகளின் முன் நின்ற வரிசைக்குச் சாட்டை தேவைப்படவில்லை. தென்மேற்குப் பகுதியைச் சேர்ந்த அபியோலாவும் அவருடைய துணை வேட்பாளரும் இசுலாமியர். ஆயினும் கிறித்தவர் மிகுந்த மாநிலங்கள் பலவும் அவர்களுக்கு வாக்களித்தன. எதிர்த்து நின்ற தோஃபாவின் சொந்த மாநிலமான கானோவிலும் அபியோலாவே முந்தினார். சூன் 23 அன்று அத்தேர்தல் செல்லாதென அரசு அறிவித்தது. பக்குவமற்றிருந்தவர் மக்களா, ஆண்டவர்களா?

பின்வந்தவை துயரங்கள். அவ்வாண்டு நவம்பரில் தளபதி அபாச்சா ஆட்சியைக் கைப்பற்றினார். தம்மைக் குடியரசுத் தலைவரென 1994இல் அறிவித்துக்கொண்ட அபியோலா சிறைப்பட்டார். 1995 நவம்பரில் எழுத்தாளர் கென் சாரோ-விவாவும் உடனிருந்த எண்மரும் தூக்கிலிடப்பட்டனர்.

1998 மார்ச்சில் மற்றோர் அயல்நாட்டவர் அங்கு வந்தார். நைஜீரியத் துறவி சிப்ரியன் தன்சிக்கு முத்திப்பேறு பட்டம் வழங்க வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தெருவின் அமைதியை மெச்சித் திரும்பவில்லை. மனித உரிமைகள் மதிக்கப்பட வேண்டுமென வெளிப்படையாகப் பேசினார். விடுவிக்க வேண்டிய கைதிகளின் பெயர்ப்பட்டியலும் ஆட்சியாளரிடம் அளிக்கப்பட்டது. விருந்தினராக வந்தவர், விருந்தில் இடம்பெறாதவர்களைப் பற்றிக் கேட்டார்.

அவ்வாண்டு சூன் 8 அன்று அபாச்சா திடீரென மறைந்தார். ஒரு திங்களுக்குள், விடுதலை காணாமலே அபியோலாவும் இறந்தார். 1999 மே 29 அன்று, தேர்தலில் வென்ற ஒபசாஞ்சோ பதவியேற்றார். 1979இல் படைத்தலைவராக ஆண்டபோது, குறித்த நாளில் ஆட்சியை மக்களிடம் ஒப்படைத்தவரும் இவரே. எனவே வாக்கைக் காப்பது இயலாத செயலன்று. மனமில்லாதவர்க்கே அது அரிதாயிற்று.

சூன் 12ஐ மக்களாட்சி நாளாக 2018இல் நைஜீரிய அரசு அறிவித்தது. அபியோலாவே வென்றார் என்பதை 2025இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் பாபாங்கிடா ஒப்புக்கொண்டார். அவ்வுண்மை வெளிவர ஏறத்தாழ 32 ஆண்டுகள் ஆயின. அதைக் கேட்க அபியோலா உயிருடன் இல்லை.

அயல்நாட்டைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்டல் நலம்: வரிசையில் நிற்பவர்கள் எதற்காக நிற்கிறார்கள்? அவ்வரிசைக்கே வர இயலாமல் அடைபட்டிருப்பவர்களின் பெயர்கள் என்ன?