அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு வித்திட்டது எது?

1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் விடியுமுன், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்த சம்டர் கோட்டையின்மீது தென்மாநிலத்தாரின் பீரங்கிகள் முழங்கின. அன்று மூண்ட உள்நாட்டுப் போர் நான்காண்டுகள் நீடித்து, ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்டது. அப்போருக்குக் காரணம் அடிமை முறையன்று. மாநில உரிமையே என வாதிடுவோர் உளர். அவ்வாதம் சான்றுகளின் முன் நிற்குமா?

1850-இல் இயற்றப்பெற்ற தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை நோக்குவோம். அதனை வற்புறுத்திப் பெற்றவர் தென்மாநிலத்தாரே. பிடிபட்டவர் தம் சார்பில் சாட்சியம் கூற இயலாது. ஜூரி விசாரணையும் இல்லை. அவரை அடிமையென ஒப்படைத்தால் ஆணையாளருக்குப் பத்து டாலர். விடுவித்தால் ஐந்தே டாலர்! விஸ்கான்சின் மாநில நீதிமன்றம் இச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. 1859-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. மாநில உரிமையே தெற்கின் உயிர்நாடியாயின், அது விஸ்கான்சின் பக்கமன்றோ நின்றிருத்தல் வேண்டும்? நிற்கவில்லை.

இதற்கிடையே பகைமை முற்றியது. லூசியானா நிலப்பரப்பின் வடபகுதியில் அடிமை முறை பரவாமல் தடுத்திருந்த 1820-ஆம் ஆண்டின் மிசௌரி உடன்பாட்டை, 1854-இன் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் நீக்கியது. கான்சஸில் இரத்தம் சிந்திற்று. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கின் தீர்ப்பு, புதிய ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லையென்றது.

அடிமை முறை மேலும் பரவலாகாது என்ற லிங்கன் 1860-இல் வென்றார். இருக்கும் இடத்தில் அதனைத் தொடமாட்டேன் என்று அவர் உறுதி கூறியும் தெற்கு அமைதியுறவில்லை. நாற்பது இலட்சம் அடிமைகளின் உழைப்பில் எழுந்த செல்வம் அங்கு இருந்தது. டிசம்பர் 20-இல் தென் கரோலினா பிரிந்தது. வடமாநிலங்கள் தம் சட்டங்களால் அடிமைகளை ஒப்படைக்க மறுத்தன என்பதே அதன் பிரகடனத்தின் தலையாய குறை. அஃதாவது, பிற மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதே குற்றமாயிற்று!

வடவர் முதலில் போரிட்டது ஒன்றியத்தைக் காக்கவே. அடிமைகளை விடுவிக்க அன்று என்பது மெய்யே. ஆயினும் அது வடக்கு போரிட்டதன் நோக்கம். தெற்கு பிரிந்ததன் காரணம் அன்று. இவ்விரண்டையும் மயக்குவதாலேயே மேற்கூறிய வாதம் வலுவுடையதுபோல் தோன்றுகிறது.

உரிமை என்ற சொல்லை வரலாற்றில் காணுந்தோறும், யாருக்கு, எதைச் செய்ய உரிமை என மாணவரைக் கேட்கப் பழக்குதல் ஆசிரியர் கடன்.