பிஸ்மார்க்கின் கடைசிப் படம்



ஜேர்மனியில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் பிஸ்மார்க்கைத் தெரியும். 1871 இல் நாட்டை ஒன்றாக்கிய முதல் சான்சலர். அவர் இறந்த இரவு நடந்ததை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு நாளும் போனில் படம் எடுத்துப் பகிரும் நாங்கள் அறிய வேண்டிய கதை அது.

1898 யூலை 30. ஹம்பேர்க்குக்குப் பக்கத்தில் ஃபிரீட்ரிக்ஸ்ரூ என்ற ஊரில், தன் வீட்டில், 83 வயதில் பிஸ்மார்க் இறந்தார். விடிவதற்கு முன்பே வில்லி வில்க்கே, மக்ஸ் பிறீஸ்ரர் என்ற இரண்டு படப்பிடிப்பாளர்கள் யன்னல் வழியாக உள்ளே புகுந்தார்கள். அவர் இறந்த செய்தியைக் காசு வாங்கிக்கொண்டு சொன்னது அங்கு வேலை செய்த ஒருவர். கட்டிலில் கிடந்த உடலைப் படம் எடுத்துக்கொண்டு ஓடிப்போய், விலைக்கு வாங்க ஆள் தேடினார்கள்.

குடும்பம் நீதிமன்றம் போனது. அங்கேதான் சிக்கல். ஒருவரின் உருவப்படம் அவருக்கே உரியது என்று சொல்லும் பொதுவான சட்டம் அப்போது இல்லை. 1899 டிசம்பரில் உச்ச நீதிமன்றமாகிய ரைக்ஸ்கெரிக்ட் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் காரணம், அவர்கள் அத்துமீறி வீட்டுக்குள் புகுந்தது. வீதியில் வைத்து எடுத்திருந்தால்?

அந்த ஓட்டையை அடைக்க 1907 இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 22 ஆம் பிரிவின்படி, ஒருவரின் படத்தை அவரின் சம்மதம் இல்லாமல் பரப்பக் கூடாது. அவர் இறந்தால், 10 வருடங்களுக்கு நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். 23 ஆம் பிரிவு விதிவிலக்குத் தருகிறது: சமகால வரலாற்றுக்கு உரிய படங்களுக்குச் சம்மதம் தேவையில்லை.

அந்த விதிவிலக்கு எதுவரை போகும்? 1919 ஓகஸ்ட் 21 அன்று ஜனாதிபதி ஏபேர்ட் பதவிப் பிரமாணம் செய்தார். அதே நாட்களில் அவர் கடலில் குளிக்கும் உடுப்போடு நின்ற படம் ஒரு பேர்லின் சஞ்சிகையின் முன்பக்கத்தில் வந்தது. புதிய குடியரசை வெறுத்தவர்கள் அந்தப் படத்தை வைத்தே அவரை வருடக்கணக்காகக் கேலி செய்தார்கள்.

பிறகு மொனாக்கோ இளவரசி கரோலின். கடைக்குப் போனது, சைக்கிள் ஓடியது, பிள்ளைகளோடு நின்றது எல்லாவற்றையும் ஜேர்மன் சஞ்சிகைகள் போட்டன. 1999 இல் கார்ல்ஸ்ரூ அரசியலமைப்பு நீதிமன்றம் பிள்ளைகளோடு இருக்கும் படங்களுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கொடுத்தது. கடைவீதிப் படங்களை அனுமதித்தது. அவர் ஸ்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2004 யூன் 24 அன்று வென்றார். அந்த நீதிமன்றம் பார்த்தது ஒன்றைத்தான்: இந்தப் படம் பொது விவாதத்துக்கு ஏதாவது சேர்க்கிறதா, அல்லது வெறும் விடுப்புப் பார்க்கவா? 2012 இல் வந்த இன்னொரு வழக்கில் அவர் தோற்றார். தகப்பன் றெய்னியர் நோயாக இருந்தபோது குடும்பம் எப்படி நடந்துகொண்டது என்ற கட்டுரையோடு, பனிச்சறுக்கு விடுமுறைப் படம் வந்திருந்தது. ஆட்சி செய்யும் இளவரசரின் நோய் பொது விசயம் என்று நீதிமன்றம் சொன்னது.

நான் சட்டத்தரணி இல்லை, கணினி வேலை செய்கிறவன். இதையெல்லாம் ஏன் தேடி வாசித்தேன் என்று சொல்கிறேன்.

அப்பப்பாவின் செத்தவீட்டை யாழ்ப்பாணத்துக்கும் கனடாவுக்கும் நான்தான் நேரலையில் காட்டினேன். வர முடியாத சொந்தங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மாமி பெட்டியில் விழுந்து அழுத முகத்தை யாரோ படமாக்கி, முன்பின் தெரியாத வாட்ஸ்அப் குழுக்கள்வரை அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து மாமி என்னிடம் கேட்டா: "தம்பி, என்னை ஒரு சொல்லுக் கேட்டனியே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. மாமி இளவரசியும் இல்லை, சான்சலரும் இல்லை. அவவின் கண்ணீரில் எந்தப் பொது விவாதமும் இல்லை.

பிஸ்மார்க்கின் படத்தைக் காவல்துறை பறிமுதல் செய்ய முடிந்தது. இத்தனை போன்களுக்குப் போன படத்தை எந்த நீதிமன்றமும் திருப்பி வாங்கித் தராது. என் தொழிலில் இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆகவே இப்போது கமராவைத் திறக்கமுதல் கேட்கிறேன். நேரலை என்றால் சாமி படத்தையும் ஐயரையும் காட்டுகிறேன், அழுகிறவர்களை இல்லை. இணைப்பைச் சொந்தக்காரருக்கு மட்டும் அனுப்புகிறேன்.

மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றா. அந்தப் படம் இன்னமும் எங்கேயோ ஒரு போனில் இருக்கும்.