கதவு மூடியிருக்கிறது என்று திரை சொல்லும்

1972 ஜூன் 17, நள்ளிரவு தாண்டிய நேரம். வாஷிங்டனில் வாட்டர்கேட் அலுவலகக் கட்டடத்தில் ரோந்து வந்துகொண்டிருந்தார் 24 வயது காவலாளி ஃப்ராங்க் வில்ஸ். கார் நிறுத்தும் தளத்துக் கதவில், பூட்டின் நாக்கு வெளியே வராதபடி டேப் ஒட்டியிருந்தது. வேலையாட்கள் யாரோ ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று பிய்த்துப் போட்டார். மறுபடி வந்து பார்த்தால் அதே இடத்தில் புது டேப். பதிவேட்டில் 1.47 என்று நேரம் குறித்துவிட்டுப் போலீசுக்கு ஃபோன் போட்டார். ஆறாவது மாடியில், ஜனநாயகக் கட்சித் தலைமையகத்தில் ஐந்து பேர் பிடிபட்டார்கள். 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார்.

அந்தப் பதிவேடு இன்று அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை எழுதியவரின் வாரச் சம்பளம் சுமார் 80 டாலர். பிறகு நிலையான வேலை கிடைக்காமல் அல்லாடினார். 1976இல் வந்த ‘ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்’ படத்தில் தன் வேடத்தில் தானே நடித்தார். 2000இல், 52 வயதில், வறுமையில் இறந்துபோனார்.

வாட்டர்கேட் விசாரணைகள் நடந்துகொண்டிருந்த 1973இல்தான், ரேடியோ அலையால் கார்டை அடையாளம் கண்டு கதவு திறக்கும் முறைக்கு சார்லஸ் வால்டன் காப்புரிமை பெற்றார். பின்னால் கணினி வந்தது. எந்த கார்டு, எந்தக் கதவு, எத்தனை மணி என்று வில்ஸ் கையால் எழுதியதை மென்பொருள் தானே எழுத ஆரம்பித்தது. கதவை யாராவது நெட்டித் திறந்தால் ஒரு அலாரம், ரொம்ப நேரம் திறந்தே கிடந்தால் இன்னொன்று.

சரி, அந்த டேப்பை இன்றைய கட்டடத்தில் ஒட்டிப் பாருங்க. கதவுச் சட்டத்தில் இருக்கும் காந்த சென்சார், கதவு சாத்தியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். பூட்டின் நாக்கு உள்ளே போயிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தனி சென்சார் வேண்டும். அது இல்லாவிட்டால் திரையில் எல்லாமே பச்சை. கார்டு காட்டாமல் யாராவது தள்ளித் திறக்கும்போதுதான் அலாரம் அடிக்கும். நாள் முழுக்கக் காரணமில்லாத அலாரங்களைக் கேட்டுச் சலித்த ஒருத்தர் அப்போது அதை நம்பி, நாற்காலியை விட்டு எழுந்து போக வேண்டும்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. நெட்வொர்க் போனதும் சொந்த ஊழியர்களின் அடையாள அட்டைகளுக்கே அலுவலகக் கதவுகள் திறக்கவில்லை என்று செய்திகள் வந்தன. கடைசியில் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள். அந்த மையங்களின் பலத்த பாதுகாப்பைத் தாண்டி உள்ளே போகவே அவர்களுக்கு நேரம் பிடித்தது.

மென்பொருள் வந்ததும் பல நிர்வாகங்களுக்கு முதலில் தோன்றுவது, காவலாளிகளைக் குறைக்கலாமா என்பதுதான். வாட்டர்கேட்டில் வேலை செய்தது ஒரு மனுஷனின் சந்தேகம். முதல் டேப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டவர், இரண்டாவதை அப்படி விடவில்லை. அந்தச் சந்தேகத்துக்கு அன்றைக்கு வாரம் 80 டாலர் கொடுத்தார்கள். இன்றைக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?