வலீலியின் கற்கள்

மொரோக்கோ நாட்டின் ஃபாஸ் மாநகருக்குச் செல்வோர் ஒரு பகலை ஒதுக்கி மேற்கொள்ளும் பயணம் ஒன்று உண்டு. காலையில் வழிகாட்டியுடன் புறப்பட்டால் வலீலி இடிபாடுகளையும், ஸர்ஹூன் மலைச்சரிவில் அமைந்த மவ்லாய் இத்ரீஸ் நகரையும், மிக்னாஸ் என்னும் பழைய தலைநகரையும் கண்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். வலீலிக்கும் மிக்னாஸுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் அவ்விரு ஊர்களின் கட்டடங்களுக்கிடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கால வரலாறு விரிந்து கிடக்கிறது. அவ்வழியே சென்ற ஒரு நாளில் எமக்குக் காட்டப்பட்டதையும், காட்டப்படாமல் விடப்பட்டதையும் குறித்துச் சில சொற்கள்.

அகதியை வரவேற்ற ஊர்

வலீலியை ரோமர் 'வோலுபிலிஸ்' என அழைத்தனர். ரோமப் பேரரசின் தென்மேற்கு எல்லையில் 42 ஹெக்டேர் பரப்பில் மதிலுடன் விளங்கிய நகரம் அது. கி.பி. 217இல் எழுப்பப்பட்ட கரகல்லா வளைவு, சதுக்கம், நீதிமன்ற மண்டபம், தரையில் பதித்த வண்ணக்கல் ஓவியங்கள் ஆகியவை இன்றும் காணக் கிடைக்கின்றன. தூண்களின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்ட எண்ணெய்ச் செக்குகளின் எச்சங்கள், ஒலிவ எண்ணெயே இந்நகரின் செல்வம் என்பதைச் சொல்கின்றன. சுற்றியுள்ள சரிவுகளில் இன்றும் ஒலிவ மரங்களே நிறைந்துள்ளன.

எம் வழிகாட்டி நல்ல மனிதர், விவரமும் அறிந்தவர். ரோமரைப் பற்றி ஒரு மணி நேரம் விரிவாகப் பேசினார். "அவர்கள் போன பின் ஊர் பாழாயிற்று. பிறகு இத்ரீஸ் வந்தார்" என்று ஒரே மூச்சில் முடித்துக்கொண்டார்.

உண்மையில் ஊர் பாழாகிவிடவில்லை. கி.பி. 285 அளவில் ரோம நிர்வாகம் விலகிய பின்னும் மக்கள் இங்கு வாழ்ந்தே வந்தனர். கி.பி. 655 வரையிலான ஆண்டுகளைத் தாங்கிய கிறிஸ்தவக் கல்லறைக் கல்வெட்டுகள் இலத்தீன் மொழியில் கிடைத்துள்ளன. அதன்பின் அவ்ரபா என்னும் பெர்பர் குலத்தார் இங்கு மேலோங்கினர். அக்குலத்தாரிடமே இத்ரீஸ் இப்னு அப்துல்லாஹ் அடைக்கலம் தேடி வந்தார்.

அவர் அலீ (ரலி) அவர்களின் மைந்தர் ஹஸன் (ரலி) அவர்களின் கொள்ளுப்பேரர். ஹிஜ்ரீ 169இல் (கி.பி. 786) மக்காவுக்கு அருகே ஃபக்க் என்னுமிடத்தில் அப்பாஸியப் படை அலவிய்யரைக் கொன்று குவித்தபோது உயிர் தப்பியவர்களுள் ஒருவர். ராஷித் என்னும் விடுதலை பெற்ற ஊழியர் ஒருவரே துணையாக, எகிப்து வழியே மேற்கின் கடைக்கோடிக்கு வந்து சேர்ந்தார். அவ்ரபாக்களின் தலைவர் இஸ்ஹாக் அவரை வரவேற்றார். ஹிஜ்ரீ 172இல் (கி.பி. 789) அக்குலத்தார் அவரை இமாமாக ஏற்று பைஅத் செய்தனர். படையோ பொருளோ இன்றி வந்த ஒரு மனிதரை, அவருடைய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிராத மக்கள் தலைவராக ஏற்ற நிகழ்ச்சி இது. மொரோக்கோ என்னும் அரசின் வரலாறு இங்கிருந்தே தொடங்குவதாகச் சொல்வது மரபு.

வலீலி என்ற பெயர் பொறித்த இத்ரீஸின் வெள்ளித் திர்ஹம்கள் கிடைத்துள்ளன. ஆனால் 1915இல், பிரெஞ்சு ஆட்சியின் கீழ் தொடங்கிய அகழாய்வு ரோம நகரையே தேடிற்று. வட ஆப்பிரிக்காவில் தம்மை ரோமின் வாரிசுகளாகக் கருதிய ஆட்சியாளருக்கு அதுவே வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு முதல் மொரோக்கோ தொல்லியல் அறிஞரும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி அறிஞரும் இணைந்து நடத்திய ஆய்விலேதான், மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் இருந்த இத்ரீஸ் காலத்துக் கட்டடத் தொகுதி தெளிவாக வெளிப்பட்டது. பயணக் குழுக்கள் பொதுவாக அங்கே செல்வதில்லை. கவர்ச்சியான ஓவியத் தரை எதுவும் அங்கில்லை.

மலைச்சரிவில் ஓர் அடக்கத்தலம்

வலீலியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மவ்லாய் இத்ரீஸ் நகரம் வெண்மையாகத் தோன்றுகிறது. கி.பி. 791இல் இத்ரீஸ் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். அதன் பின்னணியில் பக்தாதின் கலீஃபா ஹாரூன் ரஷீத் இருந்தார் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அப்போது அவருடைய மனைவி கன்ஸா கருவுற்றிருந்தார். பிறந்த குழந்தையை ராஷித் பேணி வளர்த்தார். அக்குழந்தையே ஃபாஸ் நகரை வளர்த்தெடுத்த இரண்டாம் இத்ரீஸ். தந்தையின் பைஅத்தை, இன்னும் பிறவாத மகனுக்காகக் காத்திருந்து காப்பாற்றிய பெர்பர் மக்களின் வாக்குறுதி வியப்புக்குரியது.

கற்களை எடுத்த மன்னர்

பிற்பகலில் மிக்னாஸ். 1672 முதல் 1727 வரை ஆண்ட மவ்லாய் இஸ்மாயீலின் தலைநகர். மாபெரும் மதில்களும், தானியக் களஞ்சியமும், அவர் மகன் காலத்தில் 1732இல் நிறைவுற்ற பாபு மன்ஸூர் வாயிலும் பார்ப்போரைச் சிறியவராக்கிவிடுகின்றன. இவற்றை எழுப்புவதற்கு வலீலியின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. எஞ்சியவற்றில் பலவற்றை 1755ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கம் வீழ்த்தியது.

இஸ்மாயீலும் ஹஸன் (ரலி) அவர்களின் வழித்தோன்றலே. அலவிய்ய அரச மரபு, இத்ரீஸின் உடன்பிறந்தாரான முஹம்மத் நஃப்ஸுஸ் ஸகிய்யாவிடமிருந்து தன் வம்சாவளியைக் கூறுகிறது. இத்ரீஸின் அடக்கத்தலத்தைப் புதுப்பித்துக் கட்டியவரும் இம்மன்னரே. அதிகாரத்துக்கு அஞ்சி ஓடிவந்தவரின் குடும்பத்தில் இப்போது அதிகாரமே வந்து அமர்ந்திருந்தது.

மன்னர் எடுத்தவை கற்கள் மட்டுமல்ல. சிறைப்பட்ட கிறிஸ்தவரும் அடிமைகளும் இம்மதில்களைக் கட்டினர். ஸஹீஹுல் புகாரீ மீது சத்தியம் செய்ததால் 'அபீதுல் புகாரீ' எனப் பெயர்பெற்ற கறுப்பினப் படையொன்றை மன்னர் திரட்டினார். அதற்காக, சுதந்திர முஸ்லிம்களாக வாழ்ந்த ஹராத்தீன் மக்களையும் அடிமைப் பதிவேட்டில் சேர்க்க முனைந்தார். ஃபாஸின் உலமாக்கள் ஒப்பமிட வேண்டும் என நெருக்கடி தரப்பட்டது, பலர் பணிந்தனர். அப்துஸ்ஸலாம் ஜஸ்ஸூஸ் என்னும் அறிஞர் மறுத்தார். சுதந்திரமானவரை அடிமையாக்க ஷரீஅத்தில் இடமில்லை என்பதே அவர் வாதம். சொத்துகள் பறிக்கப்பட்டன, சிறையிடப்பட்டார், 1709இல் கொல்லப்பட்டார்.

மிக்னாஸின் பழைய நகரில் மரீனிய மன்னர் அபூ இனானின் பெயர்தாங்கிய மத்ரஸா உள்ளது. அவர் ஆணைப்படியே இப்னு பதூதாவின் பயண நூல் எழுத்துருப் பெற்று 1355இல் நிறைவுற்றது. மதுரை சுல்தான்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அந்நூலிலிருந்து வந்ததே. மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானி, இப்னு பதூதாவுக்குச் சகலை. எனினும் கைதிகளையும், அவர்தம் பெண்டிர் குழந்தைகளையும் அவர் கொல்வித்த கொடுமையை இப்னு பதூதா மறைக்கவில்லை. வெறுப்புடன் கண்டித்தே எழுதினார். உறவென்பதற்காகவோ சமயத்தார் என்பதற்காகவோ அநீதியை மூடி மறைக்காத எழுத்தே வரலாறாகிறது.

நம் முன்னோரின் கட்டடங்களை எண்ணிப் பெருமிதம் கொள்வது நமக்கு எளிது. ரோமரின் பெருமையைப் பேசிய பிரெஞ்சுக்காரர் இத்ரீஸை மறந்தது பிழையெனில், பாபு மன்ஸூரின் அழகைப் பேசும் நாம் ஜஸ்ஸூஸை மறப்பதும் பிழையே. இடிபாடு எதை விட்டுவைத்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. யார் கைகள் அதைச் சுமந்தன, யார் வாய் அதை மறுத்தது என்பதையும் கேட்கவேண்டும்.

அந்தி சாயும் நேரத்தில் ஃபாஸ் திரும்பினோம். ஜஸ்ஸூஸ் வாழ்ந்து, கற்பித்து, கொல்லப்பட்ட நகரம் அது. நாளெல்லாம் பல வாயில்களையும் வளைவுகளையும் காட்டிய எம் பயணத் திட்டத்தில் அவர் பெயர் எங்கும் இடம்பெற்றிருக்கவில்லை.