டாம் லாண்ட்ரியும் டல்லாஸ் ரசிகர்களும்

அமெரிக்கக் கால்பந்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்கு 1960 முதல் 1988 வரை 29 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் டாம் லாண்ட்ரி. கோட்டும் தொப்பியும் அணிந்து, வென்றாலும் தோற்றாலும் முகம் மாறாமல் எல்லைக்கோட்டருகே நிற்பார். அதை ரசிகர்கள் நிதானம் என்றும் சொன்னார்கள், ஈரமில்லாத மனம் என்றும் சொன்னார்கள்.

அவருடைய தாக்குதல் உத்தி அதைவிடப் பெரிய சர்ச்சையானது. நகர்வுகளை அவரே தீர்மானித்து, ஆட்டக்காரர் வழியே களத்துக்குச் சொல்லி அனுப்புவார். 1971இல் சிகாகோவுக்கு எதிராக ஸ்டாபாக், மார்ட்டன் இருவரையும் தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக்காக மாற்றி மாற்றி இறக்கினார், அணி தோற்றது. பிடிவாதம் பிடிக்காமல் அதன்பின் ஸ்டாபாக்கையே நிலைநிறுத்தியதுதான் அவருடைய உண்மையான பெருமை. அந்தப் பருவத்தில் பிறகு தோல்வியே இல்லை. சாம்பியன் பட்டமான சூப்பர் பவுலும் கிடைத்தது.

1986 முதல் தோல்விகள் பெருக, பழைய குறைகூறல்கள் மீண்டும் எழுந்தன. ஆனால் 1989இல் புதிய உரிமையாளர் ஜெரி ஜோன்ஸ் அவரை நீக்கியபோது, டல்லாஸ் மக்கள் ஊர்வலம் நடத்தி அவரைக் கொண்டாடினர்.